ஆயா கேட்ட கேள்வியும் கண்ணாடித் தொட்டி இறாலும்

பி.காம் படிக்கிறவன் இறாலைப் பற்றிக் கட்டுரை எழுதுவதைப் பார்த்து வகுப்பில் சிலர் சிரிப்பார்கள். பரவாயில்லை. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அது நம் பாடம்தானே. நாலு மாதங்களுக்கு முன் கொளத்தூருக்குப் போய், ஒன்று 30 ரூபாய் வீதம் 20 செர்ரி இறால்கள் வாங்கி வந்தேன். முதலீடு 600 ரூபாய். ஒரே வாரத்தில் 16 செத்துப் போயின. நட்டம் 480 ரூபாய், அதாவது 80 சதவீதம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அன்றே இழுத்து மூடியிருப்பார்கள்.

இத்தனைக்கும் நான் கஞ்சத்தனம் செய்யவில்லை. புதுத் தொட்டி, புது ஃபில்டர். எங்கள் போர் தண்ணீர் கரிக்கும் என்பதால், நாங்கள் குடிக்கிற 20 லிட்டர் கேன் தண்ணீரையே வாங்கி ஊற்றினேன். இதைவிடச் சுத்தமான தண்ணீர் உண்டா? ராத்திரி கொசு மருந்து மெஷினைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்தால் தினமும் இரண்டு, மூன்று சிவப்பு உடல்கள் தரையில் கிடக்கும்.

எங்கள் ஆயாவுக்கு (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) இது பெரிய வேடிக்கை. "ஏன்டா, எறாவைக் காசு குடுத்து வாங்கியாந்து, துன்னாம பாத்துக்கினு இருக்கறியே! நாங்க ஏரியில துணிய விரிச்சி அள்ளிக்கினு வருவோம். அதுக்கு நாங்க என்னா மருந்து ஊத்துனோம், என்னா மெஷினு வெச்சோம்? அது பாட்டுக்கு இருந்துச்சி. உன் தொட்டியில மட்டும் ஏன் சாவுது?"

கிண்டலாகக் கேட்டதுதான். ஆனால் பதில் என்னிடம் இல்லை. தேடிப் போனபோது சுமார் 175 ஆண்டு வரலாறு ஒன்று கிடைத்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

ஏரி செய்த வேலை

நான் இருப்பது வல்லம் வடகால். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர். இன்று இந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் சிப்காட்தான் ஞாபகம் வரும். 2017ல் இங்கே ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை தொடங்கியது. 2024ல் மின்னணுத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களுக்காக 18,000க்கும் மேற்பட்டோர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதற்கு முன்பு இந்தப் பக்கத்துக்கு அடையாளம் ஏரிகள்தான். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தையே ஏரி மாவட்டம் என்பார்கள். ஆயா சொல்வது அந்தக் காலம்.

ஏரியில் இறாலுக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று ஆயா சொன்னதை யோசித்துப் பார்த்தேன். மனிதர்கள் செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் ஏரி செய்துகொண்டே இருந்தது. கழிவைச் சேறு தின்றது, பாசி சாப்பாடு போட்டது, மண் சுண்ணாம்புச் சத்தைக் கொடுத்தது. வந்து விழும் நஞ்சு எதுவானாலும் அவ்வளவு தண்ணீரில் கரைந்து நீர்த்தது. கண்ணாடித் தொட்டியில் இறால் வளர்ப்பது என்றால், ஏரி சும்மா செய்த இந்த வேலைகளை ஒவ்வொன்றாக நாம் செய்வது. அவை என்னென்ன வேலைகள் என்று கண்டுபிடிக்கவே மனிதர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

முதல் பாடம்: தண்ணீர் பழுக்க வேண்டும்

1850ல் இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். கண்ணாடிப் பாத்திரத்தில் தங்க மீன்கள், வாலிஸ்நேரியா என்ற நாடா போன்ற நீர்ச்செடி, அழுகும் இலையைத் தின்ன நத்தைகள். மூன்றும் சேர்ந்தால் தண்ணீரை மாற்றாமலே நீண்ட நாள் வைத்திருக்கலாம் என்று காட்டினார். 1853ல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் இல்லம் திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் 'அக்வேரியம்' என்ற சொல்லையே பிரபலமாக்கியது.

அந்த மோகம் நம் ஊருக்கும் வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனையில் உருவான கடல்வாழ் உயிரினக் காட்சிசாலை 1909ல் மெரினாவில் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் குண்டு போடுவார்களோ என்ற பயத்தில் 1942ல் அதை மூடிவிட்டார்கள். மெரினாவில் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை. எனக்குப் போன மாதம்தான் தெரியும்.

வாரிங்டன் முழு இரகசியத்தையும் கண்டுபிடிக்கவில்லை. செடியும் நத்தையும் மட்டும் தொட்டியைக் காப்பாற்றுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி அவரைப் பிடித்தார். மண்ணில் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா ஒன்று, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா இன்னொன்று. மீனோ இறாலோ வெளியேற்றும் கழிவில் அம்மோனியா இருக்கிறது. அதுவும் நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, அதைச் செடி எடுத்துக்கொள்ளும்.

புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் இருக்காது. அவை ஃபில்டரிலும் மணலிலும் குடியேறிப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொட்டி வளர்ப்பவர்கள் இதைத்தான் 'சைக்கிள் ஆவது' என்கிறார்கள். வாங்கிய அன்றே இறாலை விட்ட நான், கழிவறை கட்டாத வீட்டில் 20 பேரைக் குடிவைத்தது மாதிரி.

இரண்டாம் பாடம்: குஞ்சுக்கு உப்பு

அடுத்த பாடம் மலேசியாவில் கிடைத்தது. நன்னீர் இறால்களில் பெரியது மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்ஜி, வியாபாரப் பெயர் ஸ்காம்பி. தாய் இறால் ஆற்றில் வாழ்கிறது, முட்டையும் போடுகிறது. ஆனால் பண்ணையில் பொரித்த குஞ்சுகள் நன்னீரில் சில நாளில் செத்துவிடும். காரணம் யாருக்கும் தெரியவில்லை.

ஷாவோ வென் லிங் என்பவர் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின் நிபுணர். பினாங்கில் இதையே ஆராய்ந்துகொண்டிருந்தார். கடைசியில் வீட்டுச் சமையலறையிலிருந்து சோயா சாஸ் வரை ஊற்றிப் பார்த்தாராம் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1961ல் அவர் கண்டுபிடித்தது உறுதி: குஞ்சுகளுக்கு உப்பு கலந்த தண்ணீர் வேண்டும். இயற்கையில் அவை ஆற்றோடு முகத்துவாரத்துக்குப் போய், கொஞ்சம் வளர்ந்த பிறகு மறுபடி ஆற்றில் ஏறுகின்றன. இதை வைத்து 1960களில் ஹவாயில் டகுஜி ஃபுஜிமுரா என்பவர் குஞ்சுகளைப் பெருமளவில் வளர்க்கும் முறையை உருவாக்கினார். பிறகு உலகம் முழுக்கப் பண்ணைகள் வந்தன.

நம் பக்கத்தில் 1990களில் நெல்லூர் வட்டாரம் ஸ்காம்பிக்குப் பேர் போனது. கூடவே நோயும் வந்தது. குஞ்சுகளின் வால் பகுதிச் சதை பால் போல வெளுத்து, கூட்டமாகச் செத்துப் போகும் வெண்வால் நோய். 1990களில் குவாதலூப் தீவில் தெரிய வந்த இந்த வைரஸ் நோய் 2000க்குப் பிறகு இந்தியப் பண்ணைகளிலும் பரவியது. இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் என்று படித்தபோது பெருமையாக இருந்தது. இங்கிருந்து பஸ் பிடித்தால் சில மணி நேரத்தில் போய்விடலாம்.

பண்ணைக் கதை வீட்டுத் தொட்டிக்கு எதற்கு என்கிறீர்களா? இரண்டு காரணம். முதலாவது, புதிதாக வாங்கிய உயிரை நேராகப் பழைய தொட்டியில் விடக்கூடாது, சில வாரம் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். நோய் வாங்கிவந்த பையோடுதான் வருகிறது. இரண்டாவது, வீட்டுத் தொட்டிக்கு முதலில் வந்த இறாலுக்கும் இதே உப்புப் பிரச்சினை இருந்தது.

மூன்றாம் பாடம்: பாசி தின்னும் வேலைக்காரன்

ஜப்பானில் நீகாட்டா பகுதியில் தகாஷி அமானோ (1954–2015) என்ற புகைப்படக் கலைஞர் இருந்தார். தொட்டிக்குள் புல்வெளி, மலை, காடு என்று நீர்ச்செடிகளாலேயே காட்சி அமைப்பவர். 1982ல் இதற்காக ஒரு நிறுவனமும் தொடங்கினார். அவருக்கு இருந்த ஒரே எதிரி பாசி. பல உயிர்களைப் போட்டுப் பார்த்ததில், தங்கள் நாட்டு ஓடைகளில் இருக்கும் 'யமாட்டோ நுமா எபி' என்ற இறால் விடாமல் பாசி தின்பதைக் கவனித்தார். ஒரு சாதாரண ஓடை இறால் 1980களில் தொட்டிக்குள் வேலைக்குச் சேர்ந்தது இப்படித்தான். 1990களில் அவருடைய புத்தகங்கள் உலகமெங்கும் போனபோது இறாலும் கூடவே போனது. இன்றும் அதற்கு அமானோ இறால் என்றுதான் பெயர்.

ஆனால் இதன் குஞ்சுக்கும் உப்புத் தண்ணீர் வேண்டும். அதனால் வீட்டில் பெருகாது.

பெருகியது இன்னொன்று. கிழக்குச் சீனா, தைவான், கொரியா பக்கத்து நன்னீர் இறால், நியோகாரிடினா டேவிடி. 1904ல் பிரெஞ்சு விலங்கியலாளர் பூவியே இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். காட்டில் பார்த்தால் பழுப்பு நிறம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதன் முட்டையிலிருந்து தாயைப் போலவே குட்டியூண்டு இறால் நேராக வெளியே வருகிறது. உப்பு வேண்டாம், முகத்துவாரம் வேண்டாம். தாய் மூன்று நாலு வாரம் 20, 30 முட்டைகளை வயிற்றுக்கடியில் சுமந்து விசிறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். தைவான்காரர்கள் சிவப்பானவற்றையே பொறுக்கிப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்ததில் பிறந்ததுதான் செர்ரி இறால். 2000களில் அது உலகச் சந்தைக்கு வந்தது.

இதே நேரம் ஜப்பானில் ஹிசயாசு சுசுகி என்பவர் தன் கறுப்பு வெள்ளைத் தேனீ இறால்களில் தற்செயலாகப் பிறந்த சிவப்புக் குட்டிகளை வைத்து 'கிரிஸ்டல் ரெட்' வகையை 1990களில் உருவாக்கினார். வணிகவியல் மாணவனாக எனக்குப் பிடித்த இடம் இது. ஓடையில் விலையே இல்லாத பொருள், நிறம் மாறியதும் தரம் பிரித்து விற்கும் பொருளாகிவிட்டது. ஆனால் ஒரே குடும்பத்துக்குள் திரும்பத் திரும்பச் சேர்த்ததால் கிரிஸ்டல் ரெட் மென்மையான உயிர். மென்மையான தண்ணீர், குளிர்ச்சி எல்லாம் கேட்கும். நம் ஊர் வெயிலில் புதிதாகத் தொடங்குபவர்கள் அதை வாங்காமல் இருப்பதே நல்லது. செர்ரி பரவாயில்லை. ஆனால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று எல்லா நிறத்தையும் ஒரே தொட்டியில் கலந்து விட்டால் சில தலைமுறையில் பழுப்புக்கே திரும்பிவிடும்.

நான்காம் பாடம்: சுத்தமும் கொல்லும்

இப்போது என் கொலை வழக்குக்கு வருகிறேன்.

முதல் குற்றவாளி கேன் தண்ணீர். அதைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1950களின் கடைசியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும், ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்ற இந்திய விஞ்ஞானியும் அதற்கான சவ்வை உருவாக்கினார்கள். நோக்கம் கடல் தண்ணீரைக் குடிநீராக்குவது. உப்பை எடுக்கும் சவ்வு கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கூடவே எடுத்துவிடுகிறது. நமக்கு அதனால் பெரிய பாதகமில்லை, சாப்பாட்டில் கிடைத்துவிடும். இறாலுக்கு அப்படியில்லை. அது வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஓடு போட வேண்டும். தாதுச்சத்து இல்லாத தண்ணீரில் ஓடு சரியாகக் கழலாமல் பாதியில் மாட்டிக்கொண்டு செத்துவிடும். செத்த என் இறால்களில் சிலவற்றின் கழுத்தில் வெள்ளை வளையம் இருந்ததற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது குற்றவாளி கொசு மருந்து. அதில் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. கொசுவும் இறாலும் கணுக்காலிகள் என்ற ஒரே பெரிய குடும்பத்து உயிர்கள். கொசுவின் நரம்பைத் தாக்குவது இறாலின் நரம்பையும் தாக்கும், அதுவும் மிகக் குறைந்த அளவிலேயே. ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் அனுப்புகிறது. நானே காசு கொடுத்து விஷம் ஊதியிருக்கிறேன்.

மூன்றாவது குற்றவாளியிடம் நல்லவேளையாக நான் மாட்டவில்லை: செம்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் இரத்தத்தில் இரும்பு ஆக்சிஜனைச் சுமப்பது போல, இறாலின் இரத்தத்தில் செம்புதான் சுமக்கிறது. ஆனால் தண்ணீரில் கரைந்த செம்பு கொஞ்சம் கூடினாலும் அதே இறாலைக் கொன்றுவிடும். மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய் மருந்துகள் பலவற்றில் செம்பு சல்பேட் இருக்கிறது. மீனும் இறாலும் ஒன்றாக இருக்கும் தொட்டியில் அந்த மருந்தை ஊற்றினால் மீன் பிழைக்கும், இறால் போய்விடும். பாட்டில் லேபிளைப் படிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

இவற்றோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். சித்திரை மாதத்தில் மூடி போட்ட தொட்டி இறாலுக்கு மூச்சுமுட்டும் அறை.

ஐந்தாம் பாடம்: திரும்ப ஏரிக்கு வேண்டாம்

இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்தது இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக் கதை. அங்கே மட்டானோ ஏரியில் சிவப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு இறால், காரிடினா டென்னர்லி. உலகில் வேறெங்கும் கிடையாது. 2009ல்தான் முறையாகப் பெயர் வைத்தார்கள். அதற்குள் உலகத் தொட்டிகளில் பிரபலமாகிவிட்டது. சில ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் ஏரியில் தேடியபோது அது கிடைக்கவில்லை. கடும் அழிவு அபாயத்தில் இருக்கும் இனமாக, ஒருவேளை இயற்கையில் அழிந்தே போயிருக்கலாம் என்று வகைப்படுத்தினார்கள். முக்கிய சந்தேகம் யார் மேல் தெரியுமா? ஏரியில் யாரோ கொண்டுவிட்ட ஃப்ளவர்ஹார்ன் மீன். நம் ஊரில் வாஸ்து மீன் என்று வரவேற்பறையில் வைத்தார்களே, அதேதான். ஒருவர் வீட்டு அலங்காரம் இன்னொரு உயிரின் ஒரே வீட்டை அழித்தது. இன்று அந்த இறால் நிச்சயமாக மிச்சம் இருப்பது வளர்ப்பவர்களின் தொட்டிகளில்தான்.

சென்னைப் பக்க ஏரிகளிலும் 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர் மீன் வலையில் மாட்டுகிறது. அது யாரோ தொட்டி அலுத்துப்போய்க் கொண்டுவிட்டதுதான். அதனால் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வளர்க்க முடியாவிட்டால் தெரிந்தவருக்குக் கொடுங்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள். ஏரியில் விடாதீர்கள். தொட்டித் தண்ணீரைக்கூட ஏரியில் கொட்டாமல் செடிக்கு ஊற்றுங்கள்.

இப்போது என் தொட்டி

மிச்சமிருந்த நாலு இறால்களையும் பழைய பக்கெட்டில் செடிகளோடு வைத்துவிட்டு, காலித் தொட்டியை ஐந்து வாரம் ஓடவிட்டேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனைக் கிட் காட்டிய பிறகே விட்டேன். போர் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் கலந்து டி.டி.எஸ். மீட்டரில் 200 சுற்றி வருமாறு வைக்கிறேன் (டி.டி.எஸ். மட்டும் போதாது, கடினத்தன்மையும் பார்க்க வேண்டும்). ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதில் குட்டிகள் மாட்டாது. காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்று, அதன் மேல் படியும் பாசிப்படலத்தைத் தின்னும். கழற்றிப் போட்ட ஓட்டை எடுப்பதில்லை, அதையும் தின்று சுண்ணாம்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும், மெதுவாக மாற்றுகிறேன். மதியம் மூடியைத் திறந்து சின்ன ஃபேன். கொசு மெஷினுக்கு ஓய்வு, இப்போது கொசுவலை.

போன வாரம் ஒரு பெண் இறாலின் முட்டைகள் பொரிந்தன. எண்ணிப் பார்த்ததில் 17 குட்டிகள், ஒவ்வொன்றும் கொத்தமல்லி விதை அளவுகூட இல்லை. இன்னும் பாசிக்குள் எத்தனை ஒளிந்திருக்கிறதோ.

ஆயாவை இழுத்து வந்து காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தது. நான் கற்ற ஐந்து பாடத்தையும் மூச்சுவிடாமல் சொன்னேன். "இம்மாம் வேலைய ஏரியே செஞ்சிக்கினு இருந்துச்சா?" என்று கேட்டது. அப்புறம் கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு, "அப்ப ஏரிய பாத்துக்கங்கடா" என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டது.

என் 480 ரூபாய் நட்டத்தை நான் இப்போது நட்டக் கணக்கில் எழுதுவதில்லை. படிப்புச் செலவு.